பழைய அக்ரிமெண்ட் முடிந்தது, வேலை மட்டும் நிற்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் வேலை செய்வோரின் வருமானம் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணக்கெல்லாம் சரிதான். அந்தப் பணம் கைக்கு வந்து சேர என்ன பிடிமானம் இருக்கிறது என்பதைத்தான் கட்டுரை தொடவில்லை.

மார்த்தாண்டம், கருங்கல், தக்கலைப் பக்கம் இன்று திருவனந்தபுரத்துக்கும் பெங்களூருக்கும் வேலை செய்துகொடுக்கிற இளைஞர்கள் நிறையப் பேர். முதல் வருடம் அக்ரிமெண்ட் ஒழுங்காக வந்துவிடும். சிக்கல் அதைப் புதுப்பிக்கும்போதுதான். மார்ச் 31-உடன் பழையது முடியும். ஏப்ரல் பிறந்ததும் போன் வரும்: “டிராஃப்ட் லீகல்ல இருக்கு, இந்த வாரம் வந்துரும். நீங்க வேலையை நிறுத்திராதீங்க.” நிறுத்த மாட்டோம். அடுத்த வேலை போய்விடுமே என்ற பயம் ஒருபக்கம். நம்மை அங்கே சேர்த்துவிட்டவர் பெரும்பாலும் சொந்தக்கார அண்ணனாக இருப்பார், அவருக்குச் சங்கடம் வரக் கூடாதே என்பது இன்னொரு பக்கம்.

நான் மென்பொருள் நிறுவனங்களுக்குப் பயனர் கையேடு எழுதித் தருபவன். எனக்கும் இதுதான் நடந்தது. கையேடு அவர்களுடைய வாடிக்கையாளர் கைக்கே போய்ச் சேர்ந்த பிறகு என் பில் திரும்பி வந்தது. பழைய பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது வேலைக்கான ஆணைச்சீட்டு) காலாவதியாம், புது எண் இல்லாமல் அவர்கள் சிஸ்டம் பில்லை ஏற்காதாம். வேலை கொடுத்த மேலாளர் அக்கவுண்ட்ஸைக் கைகாட்டினார், அக்கவுண்ட்ஸ் லீகலைக் கைகாட்டியது. ஒருவழியாகப் புது அக்ரிமெண்ட் வந்தபோது அதில் அன்றைய தேதி! இடையில் செய்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பணம் இன்னும் இழுபறியில்தான் கிடக்கிறது.

நம் ஊரில் தென்னந்தோப்பைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விடுகிறவர், பழைய சீட்டு முடிந்தபின் புதுசு எழுதாமல் ஒரு குலையில் கைவைக்க விடுவாரா?

“கையெழுத்து இல்லையே, என்ன செய்ய முடியும்” என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கவேண்டியதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சாலும் நடத்தையாலும்கூட ஒப்பந்தம் உண்டாகும். சும்மா செய்துகொடுக்கும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது அதன் 70-ஆம் பிரிவு. மின்னஞ்சல் வழியாக ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் சொல்கிறது. ஆகவே போனில் பேசியதை அன்றைக்கே மெயிலில் போட்டுவிட வேண்டும்: “நீங்கள் சொன்னபடி பழைய நிபந்தனைகளிலேயே வேலையைத் தொடர்கிறேன், கட்டணம் இவ்வளவு.” அதை மறுக்காமல் அடுத்த வேலையை அனுப்பினார்கள் என்றால் அதுவே சாட்சி. ஒரு பில்லுக்காவது டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கிற வருமான வரி) பிடித்திருந்தால் இன்னும் நல்லது. வருமான வரிக் கணக்கில் நிறுவனத்தின் பெயரோடு அது பதிவாகியிருக்கும்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் பெரிய பட்டறைக்காரர்களுக்கானது என்றே பலரும் நினைக்கிறார்கள். உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொண்டால், தனி ஆளாகச் சேவை தருபவரும் அதில் குறுநிறுவனம்தான். எழுத்தில் நாள் குறித்திருந்தாலும் பணம் தர 45 நாளுக்கு மேல் எடுக்கக் கூடாது. எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள்தான். ஆக, எழுதித் தராமல் இழுத்தடிப்பவருக்குத்தான் கெடு குறைவு! தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டுவட்டி. பதிவுக்குக் கட்டணம் கிடையாது (பதிந்துதரக் கட்டணம் கேட்கிற கடைக்காரரிடம் இதைச் சொல்லலாம்). வேலையை எடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள். பிறகு பதிந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

கையெழுத்தை இழுப்பதால் நிறுவனங்களுக்கு மட்டும் என்ன லாபம்? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியரல்லாத ஒருவர் எழுதிய கையேடோ நிரலோ பொதுவாக அவருக்கே சொந்தம். உரிமையை மாற்றித் தருவதாக அவர் எழுத்தில் கையெழுத்திட்டால்தான் அது கைமாறும். டிராஃப்டை மேசையில் வைத்துக்கொண்டிருக்கும் லீகல்காரர்கள் தங்கள் முதலாளியைத்தான் மாட்டிவைக்கிறார்கள். புது அக்ரிமெண்ட் தாமதமாகட்டும். “அது வரும்வரை பழைய விதிகளும் பி.ஓ.வும் தொடரும்” என்று மார்ச்சுக்குள் ஒரு மெயில் போட்டால் போதுமே. கட்டண உயர்வு பேசியிருந்தால் அது எந்தத் தேதியிலிருந்து என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

மாவட்டத் தொழில் மையம் கடன், மானியக் கூட்டங்களோடு நிறுத்தாமல், எங்களைப் போன்றவர்களையும் அழைத்து மார்த்தாண்டத்தில் ஒரு சனிக்கிழமை உத்யம் பதிவையும் நிலுவைத் தொகைக்குப் புகார் கொடுக்கும் முறையையும் சொல்லித்தர வேண்டும். நீங்களும் அந்தப் புகார் முறையை ஒரு பக்கத்தில் வெளியிட்டால் வெட்டி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.