ஸ்டெப்பிங் வேறு, டேப் டான்ஸ் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கமலா ஹாரிஸின் கல்லூரி நாட்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரை, அமெரிக்கக் கறுப்பின மாணவர் சங்கங்களின் ஸ்டெப்பிங்கை 'ஒரு வகை டேப் டான்ஸ்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அது தவறு. டேப் டான்ஸில் ஷூவின் அடியில் பதித்த உலோகத் தகடு ஒலிக்கிறது. ஸ்டெப்பிங்கில் தகடு கிடையாது. பின்னணி இசையும் தேவையில்லை. பாதம், உள்ளங்கை, தொடை, குரல், இவைதான் வாத்தியம்.

ஹாரிஸ் 1986-ல் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-ல் தொடங்கிய பெண்கள் சங்கம். இத்தகைய ஒன்பது சங்கங்களில் மூத்தது கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1906-ல் பிறந்த ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. வளாகத்தில் வரிசை கட்டிப் பாடித் தங்கள் சங்கத்தைப் பறைசாற்றிய வழக்கம்தான் ஸ்டெப்பிங்காக வளர்ந்தது. அதன் வேர் இன்னும் பழையது. 1739-ல் ஸ்டோனோவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின், தென் கரோலினாவின் 1740-ம் ஆண்டுச் சட்டம் அவர்கள் முரசு வைத்திருப்பதைத் தடுத்தது. உடம்பையே முரசாக்கி அவர்கள் தட்டிய ஜூபா என்ற கலையின் தொடர்ச்சியை ஸ்டெப்பிங்கில் இன்றும் கேட்கலாம்.

பார்வைக்கு எளிதாகத் தெரியும் ஓர் அடியையே எடுத்துக்கொள்வோம். வலது காலால் ஒரு மிதி, நெஞ்சுக்கு நேரே ஒரு கைதட்டு, இடது முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கித் தொடைக்கு அடியில் ஒரு தட்டு, பிறகு அந்தக் காலால் மிதி. நான்கே எண்ணிக்கை. புதியவர்கள் சறுக்குவது மூன்றாவதில்தான். முழங்காலைத் தூக்காமல் முதுகை வளைப்பார்கள். கை கீழே போய்ச் சேருவதற்குள் தாளம் கடந்துவிடும். பத்துப் பேரில் ஒருவர் பிந்தினாலும் 'தக்' என்று விழவேண்டியது 'தத்தக்' என்று உடையும். முழங்காலை விறைப்பாக வைத்து மிதித்தால் அதிர்ச்சி நேரே காலில் ஏறும், கீழ்க்கால் எலும்பு வலிக்கும். சிமெண்டுத் தரையில் நாள்கணக்காகப் பழகுவதும் அப்படித்தான். கம்பளம் விரித்த மேடை ஒலியை விழுங்கிவிடும்; மரமேடையும் கெட்டியான அடிப்பகுதி கொண்ட ஷூவும் வேண்டும். மேடைப் பரபரப்பில் எல்லோருக்கும் வேகம் கூடும். அதைப் பிடித்து நிறுத்துவது முன்னின்று குரல் கொடுக்கும் ஸ்டெப் மாஸ்டரின் பொறுப்பு.

வரிசையாக நகர்ந்தபடி ஆடும் ஸ்ட்ரோல் இன்னொன்று. அது பாட்டு ஒலிக்க ஆடுவது. இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

வீடியோ பார்த்துப் பழகும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உத்தியைத் தாராளமாகக் கற்கலாம். ஆனால் அந்த ஒன்பதில் ஒன்றான கப்பா ஆல்ஃபா சை சங்கத்தின் கைத்தடி வித்தை, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் 'ஸ்கீ-வீ' குரல், சங்கங்களின் கைச்சின்னங்கள் போன்றவை உறுப்பினர்களுக்கே உரியவை. வெளியார் எடுத்தாடினால் அவமதிப்பாகவே கொள்வார்கள். அடியையும் முழக்கத்தையும் சொந்தமாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுரையின் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நடன ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்