அந்த ரம்ளர் எங்களிடம்தான் இருக்கிறது

2019 ஏப்ரல் 4, வியாழக்கிழமை பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளோடு நின்ற எல்லாருக்கும்,

நடந்தது உங்களுக்குத் தெரியும். கனடாவில் ஒன்ராறியோ மாகாண அரசு அறிவித்த கல்வி மாற்றங்களை எதிர்த்து, மாகாணம் முழுக்க 600-க்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்ததாக ஏற்பாடு செய்தவர்கள் சொல்கிறார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அப்படி வந்தவர்களில் என் மகளும் ஒருத்தி. முதல் நாள் இரவு பீட்சாப் பெட்டி மட்டையில் பெரிதாக 22 என்று எழுதி, அதைச் சிவப்பால் வெட்டி, பக்கத்தில் 28 என்று எழுதிக்கொண்டிருந்தாள். உயர்பள்ளி வகுப்பில் இனிச் சராசரியாக அத்தனை பேராம்.

நான் போகாதே என்றுதான் சொன்னேன். ஊரில் பிள்ளைகள் ஊர்வலம் போனால் அம்மாமார் திரும்பி வரும்வரை படலையடியிலேயே நிற்பார்கள். அந்தப் பயம் இங்கே வந்து இத்தனை வருடமாகியும் போகவில்லை.

அன்று வேலையால் வந்து அவளுடைய பையைத் தூக்கினேன். உள்ளே ஏதோ கிணுங்கியது. ஒரு சில்வர் ரம்ளர். அடியில் இரண்டு எழுத்து பொறித்திருந்தது.

எதிர் மாடிக் கட்டடத்திலிருந்து ஒரு அம்மம்மா இரண்டு பிளாஸ்க்கோடு வந்தாராம். ஒன்றில் மல்லித்தண்ணி, மற்றதில் வெறும் சுடுதண்ணி. ஒரே ரம்ளர். ஒரு பிள்ளை குடித்து முடிய, சுடுதண்ணியால் கழுவி ஊற்றிவிட்டு அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தாராம். தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, சோமாலியப் பிள்ளை எல்லாருக்கும். பிறகுதான் “என்ன பிள்ளை பிரச்சினை?” என்று கேட்டிருக்கிறார். என் மகள் தனக்குத் தெரிந்த அரைத் தமிழில், நாலு பாடம் கம்ப்யூட்டரில் படிக்கச் சொல்கிறார்கள் என்றாளாம். “அப்ப டீச்சர்மாருக்கு என்ன வேலை?” அமைச்சரிடம் கேட்க வேண்டிய கேள்வி! அப்புறம், “கத்துறதெண்டால் வடிவாக் கத்து. தொண்டை கட்டினால் ஆருக்கு லாபம்?” என்று இன்னொரு தரம் ஊற்றிக் கொடுத்தாராம். அந்தக் கடைசி ரம்ளர்தான் சனத்துக்குள் திருப்பிக் கொடுக்கப்படாமல் பைக்குள் போயிருக்கிறது.

ரோல்ஸ் அனுப்பிய கடைக்காரத் தம்பி, ஹோர்ன் அடித்துக்கொண்டு போன பஸ் ஓட்டுநர், வாசலுக்கு வர முடியாமல் யன்னலில் நின்ற ஆசிரியர்கள், குப்பை பொறுக்கிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி. உங்கள் எல்லாரையும் பற்றி எழுத இடமில்லை, கோபிக்க வேண்டாம்.

நேற்றுச் சனிக்கிழமை, மாகாணச் சட்டமன்றம் இருக்கிற குயின்ஸ் பார்க்கில் ஆசிரியர்கள் கூடியபோது நானும் போனேன். மகள் கையில் அதே மட்டை. என் கையில் பிளாஸ்க். மல்லி கொஞ்சம் கூடிவிட்டது, அந்த அம்மம்மாவின் கைப்பக்குவம் இல்லை என்றாள் மகள்.

மல்லித்தண்ணி தந்த அம்மா, ரம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எத்தனையாம் மாடி என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள். வெறும் ரம்ளராகக் கொண்டுவர மாட்டேன், ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவேன்.