புளியங்கொட்டை இன்னும் ரெண்டு படி

தருமபுரி,
மார்கழி, ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது, கோபித்துக்கொள்ளாதே. மகளுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

போன தையில் உன் வீட்டுத் திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தவர்களிடம் கொட்டை கேட்டு வாங்கினேனே, "வாத்தியாருக்குப் பல்லாங்குழி ஆசை வந்துடுச்சு" என்று சிரித்தாய். அதை வறுத்துத் தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிப் பசை எடுத்தோம். மில்லில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்களே, அதே பசைதான். லித்தியம் பெர்குளோரேட் உப்பைக் கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றி உலர்த்தினால், பாலாடை மாதிரி உரிந்து வருகிறது.

எதற்கு என்பாய். பேட்டரியில் எலக்ட்ரான் வெளியே கம்பி வழியாகப் போகும். அயனி, அதாவது மின்னேற்றம் கொண்ட அணு, உள்ளேயே போய் வர வேண்டும். அதற்கு வழிவிடுவது எலக்ட்ரோலைட். உன் போனில் இருப்பது சட்டென்று தீப்பிடிக்கும் கரைப்பான். அதற்குப் பதிலாக நம் புளியங்கொட்டைத் தாள் மாதிரி திடப்பொருளை வைத்தால் கசியாது, ஆனால் அயனி நகர மறுக்கும். 1970களிலிருந்து பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரை வைத்துப் பாடுபடுகிறார்கள். 60 டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் அது ஒழுங்காக வேலை செய்கிறது. மூலக்கூறுச் சங்கிலி நெளிந்தால் அயனி ஓடும், ரொம்ப நெளிந்தால் தாள் தொளதொளத்துவிடும். இந்த இழுபறியில்தான் என் தலைமுடி கொட்டுகிறது.

ஐப்பசியில் ஒரு நாள் எஃகு வில்லைகளுக்கு நடுவே தாளை வைத்து அளந்தோம். அபாரமான கடத்துதிறன்! மாணவி குதித்தாள். எனக்குத்தான் மனசில் இடித்தது. வெற்றிட அடுப்பில் இரவெல்லாம் காயவைத்து மறுபடி அளந்தால், நூறில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு நாள் அயனியைச் சுமந்தது ஐப்பசி ஈரம்! லித்தியம் உலோகத்துக்கோ தண்ணீர் ஆகவே ஆகாது. மூன்று மாத வேலை போச்சு.

அப்புறம் யோசித்து, சோலார் செல் பக்கம் திரும்பினேன். 1991இல் ஓரீகன், கிராட்ஸெல் என்ற விஞ்ஞானிகள் செய்துகாட்டிய சாய செல் தெரியுமில்லையா, சாயம் வெளிச்சத்தை உறிஞ்சி மின்சாரம் தருமே? அதற்குள் டிங்சர் நிறத்தில் அயோடின் கரைசல் இருக்கும். வழக்கமாக ஊற்றும் அசிட்டோநைட்ரைல் 82 டிகிரியில் கொதித்துவிடும். சித்திரை வெயிலில் நம்ம ஊர் மொட்டைமாடியில் எத்தனை நாள் அடைபட்டுக் கிடக்கும், சொல். தண்ணீரை வைத்தே அந்த செல்லைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் நம் பசையைக் களி பதத்தில் வைத்துப் பார்க்கலாமே. போன வாரம் முதல் செல் சின்னதாகத் துடித்தது. பல்பு எரியவில்லை, மீட்டர் முள் மட்டும் நகர்ந்தது.

தையில் வருகிறேன். ரெண்டு படி கொட்டை எடுத்து வை. நன்றாகக் காயவை, போன தடவை பாதியில் வண்டு.

அன்புடன்,
குமார்