காலைச் சாப்பாட்டுக்கு விமானமா என்று கேட்ட பாலாவுக்கு

அன்புள்ள பாலா,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல். பேப்பர் படிக்க அவசரப்படுவார், எனக்குத் தெரியாதா அவரை. உடுமலைத் தோப்பு விஷயத்தைப் போனில் பேசலாம், அதுவரை அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. சித்திரையில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேள், விற்கிறவர் சொல்வதை நம்பாதே.

அப்புறம், ஒரு தட்டு பான்கேக் சாப்பிட எவனாவது விமானம் ஏறிப் போவானா என்று கிண்டலடித்திருந்தாய். போவான்டா. அமெரிக்காவில் நான் இருக்கும் இந்த ஐடஹோ மாநிலத்தில் அது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. மலைக்குள் அங்கங்கே புல்லிலும் மண்ணிலும் சின்னச் சின்ன ஓடுதளங்கள் உண்டு. அந்தக் காலத்தில் சுரங்கக்காரர்களுக்கும் வனத்துறைக்கும் பண்ணைக்காரர்களுக்கும் போட்டவை, இப்போது எங்களைப் போன்றவர்கள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் இறங்குகிறோம்.

நாங்கள் அடிக்கடி போவது ஜான்சன் க்ரீக் என்கிற ஓடுதளம். தார் ரோடு மாதிரி நினைத்துக்கொள்ளாதே, முழுக்கப் புல். 3,400 அடி நீளம், 150 அடி அகலம், இரண்டு பக்கமும் பைன் மரம் மூடிய மலை, ஓரமாகவே ஓடை. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 5,000 அடி. மாநில அரசு பராமரிப்பதால் வெந்நீர்க் குளியல் வசதி இருக்கிறது, யெல்லோ பைன் என்கிற குட்டி ஊருக்குப் போய்வர, வருகிறவர்கள் எடுத்துக்கொள்ள ஒரு வண்டி கூட நிற்கும். மாநிலத் தலைநகர் பாய்சியிலிருந்து காரில் போனால் சுமார் நாலு மணி நேரம், கடைசியில் மண் ரோடு. நானும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் பங்கு போட்டு வைத்திருக்கும் செஸ்னா 182 என்கிற பழைய சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரம்.

ஆனால் நினைத்த நேரத்துக்குக் கிளம்ப முடியாது. அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது வெயில்தான். 5,000 அடி உயரத்தில் கணக்குப்படி 5 டிகிரிதான் இருக்க வேண்டும். ஜூலை மத்தியானம் அது 30 டிகிரி ஆகிவிட்டால் காற்று அடர்த்தி குறைந்து, விமானத்தைப் பொறுத்தவரை 8,000 அடியில் நிற்கிற கதையாகிவிடும். எங்கள் 230 குதிரைத்திறன் என்ஜின் முக்கால்வாசிதான் இழுக்கும், தரையில் ஓட வேண்டிய தூரம் கூடும், எதிரே மலை இருக்கிற இடத்தில் மெதுவாக ஏறிக்கொண்டிருப்போம். காலை பத்து மணிக்கு மேல் சரிவுகள் சூடாகிப் பள்ளத்தாக்கில் காற்றும் கிளம்பிவிடும். அதனால் விடிந்தும் விடியாமலும் கிளம்பி ஏழு, எட்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்கிய பிறகு சாயங்காலம் குளிரும்வரை, இல்லை மறுநாள் விடியும்வரை நகரக் கூடாது. மெக்கால் என்கிற மலை ஊரில் எனக்கு மலைப் பறப்பு கற்றுக்கொடுத்த வாத்தியார் இதில் கறாரானவர். பள்ளத்தாக்கின் நடுவில் போகாதே, ஒரு ஓரத்தை ஒட்டியே போ, அப்போதுதான் திரும்ப வேண்டிவந்தால் முழு அகலமும் கையில் இருக்கும் என்பார். கன்ட்ரோல் டவர் எதுவும் கிடையாது, 122.9 அலைவரிசையில் எந்த ஓடைக்கு மேல், எந்த உயரத்தில் வருகிறோம் என்று நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போவோம். பெரும்பாலும் தெற்குப் பார்த்து இறங்குவது, வடக்குப் பார்த்து, ஓடை இறங்கிப் போகிற பக்கமாகக் கிளம்புவது. ஓடுதளத்தில் மான் மேய்ந்தால் ஒரு சுற்று கூடச் சுற்ற வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், நீ அதற்குத்தானே காத்திருக்கிறாய். அங்கே பெட்ரோல் கிடைக்காது, போக வர இரண்டுக்கும் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும், அதற்காக டாங்கை முட்ட நிரப்பினால் எடை ஏறிவிடும். ஆக ஒவ்வொரு மூட்டையும் தராசில் ஏறித்தான் விமானத்துக்குள் போகும், அரிசி உட்பட. அப்படியும் அந்தச் சின்ன பிரஷர் குக்கரை நான் விடுவதில்லை. 5,000 அடியில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. வெறும் பாத்திரத்தில் துவரம் பருப்பைப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? கூட வருகிற வெள்ளைக்காரர் பாக்கெட்டைக் கிழித்து வெந்நீர் ஊற்றிச் சாப்பிடுவார், எங்கள் குக்கர் விசிலடித்ததும் தட்டோடு வந்து நிற்பார். சாப்பிட்டதும் மிச்சத்தைக் கரடிக்கு எட்டாதபடி பூட்டி வைத்துவிட்டு, இறக்கைக்கு அடியில் கூடாரம்.

நீ கேட்ட பான்கேக் பிக் க்ரீக் என்கிற இன்னொரு ஓடுதளத்தில். மறுநாள் காலைக் குளிரிலேயே கிளம்பி, 7,600 அடியில் இருக்கும் ஒரு கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால், பறப்பது கால் மணி நேரம்தான், ஓடுதளத்தை ஒட்டியே மரத்தில் கட்டிய லாட்ஜ். பழைய லாட்ஜ் 2008-இல் எரிந்துபோனது. பைலட்டுகள் காசு திரட்டித்தான் மறுபடி கட்டினார்கள். அதனால்தானோ என்னவோ அங்கே காபி ஆறினாலும் யாரும் குறை சொல்வதில்லை. முட்டை, பான்கேக், வறுத்த உருளைக்கிழங்கு. ருசி சுமார்தான், நம் ஊர் ரோட்டோரக் கடை தோசைக்கு ஈடாகாது. ஆனால் மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அன்று காலை எந்தச் சரிவில் காற்று எப்படி இருந்தது என்று சொல்வார் பார், அது வேறெங்கே கிடைக்கும்.

அதற்குக் கிழக்கே 23 லட்சம் ஏக்கருக்குக் காப்புக்காடு. 1980-இல் சட்டம் போட்டபோது கார், சைக்கிளைக்கூட விடாதவர்கள் ஏற்கெனவே இருந்த ஓடுதளங்களை விட்டுவைத்தார்கள். விமானச் சத்தம் காட்டைக் கெடுக்கிறது என்று நடந்து போகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் ஏறும்போது அவர்கள் காது அடைபடும்தானே. அதனால் ஓடையோரம் கூடாரங்கள் தெரிந்தால் தள்ளிப் போவேன்.

சரி, அடுத்த வருஷம் வருவதாகச் சொன்னாயே. ஆகஸ்ட் வேண்டாம், காட்டுத்தீப் புகை வந்தால் எதுவும் தெரியாது. மே மாதம் சில இடங்களில் பனி உருகியிருக்காது. ஜூலை முதல் வாரத்துக்கு டிக்கெட் பார். ராத்திரி நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் எடுத்து வா. பருப்புப் பொடி அம்மா கையால் அரைத்தது அரைக் கிலோ போதும், அதற்கு மேல் எடை தாங்காது. அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு