பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பில் இறக்கிவிட்ட எல்லாருக்கும்

அன்புள்ள எங்கள் தெருக்காரர்களுக்கும், மகளிர் சுயஉதவிக் குழு அக்காமார்களுக்கும், பயாலஜி டீச்சருக்கும், சுகாதார நர்ஸ் அக்காவுக்கும்,

வணக்கம். நேற்று மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆளாளுக்கு போன் போட்டு "எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்லி முடியாது என்பதால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். "படிச்சது நீ, நாங்க என்ன செஞ்சோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். யார் என்ன செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் சுகாதார நர்ஸ் அக்கா. புதன்கிழமை தடுப்பூசி போட ஊருக்கு வந்தால் எங்கள் திண்ணையிலும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவீர்கள். ஒருநாள் அப்பத்தாவிடம் காலை நீட்டச் சொல்லி, விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தீர்கள். உள்ளே புண். அப்பத்தாவுக்கே தெரியவில்லை. சர்க்கரை முற்றினால் பாதத்தில் நரம்பு மரத்துப்போகும், முள் குத்தினாலும் வலிக்காது, அதனால் தினமும் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினீர்கள். வீட்டில் அத்தனை பெரியவர்கள் இருக்க, அதை என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். அன்றிலிருந்து அப்பத்தாவின் பாதம் என் பொறுப்பு ஆயிற்று. நர்ஸ் என்றால் ஊசி போடுகிறவர் என்று அதுவரை நினைத்திருந்தவள் நான்.

டீச்சர், நீங்கள் இல்லையென்றால் நான் நீட் இல்லாமல் நர்சிங் சேரலாம் என்பதே தெரியாமல் இருந்திருப்பேன். பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் தரவரிசை, டிப்ளமோ என்றால் மூன்று வருஷம், பி.எஸ்சி. என்றால் நான்கு வருஷம், மார்க் இருக்கும்போது பி.எஸ்சி.க்கே போடு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினீர்கள். விண்ணப்பம் போட்ட பிறகும் விடாமல், கலந்தாய்வு அறிவிப்பு வந்துவிட்டதா என்று எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள்தான்.

இ-சேவை மைய அண்ணனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். ஒன்று விஏஓவிடம் நிற்கும், இன்னொன்று வருவாய் ஆய்வாளரிடம் நிற்கும், ஒன்றில் அப்பா பெயரின் இனிஷியல் ரேஷன் கார்டோடு ஒத்துப்போகாது. ஓடிபி வேறு அம்மா போனுக்குப் போகும், அம்மா காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பார். அண்ணன் ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. "தங்கச்சி, நாளைக்கு நானே ஸ்டேட்டஸ் பாத்துச் சொல்றேன், நீ அலையாத" என்பார். சொன்னபடி போனும் வரும்.

இன்னொருவரும் உண்டு, சொந்தம்தான், பெயர் வேண்டாம். "நைட் டூட்டி பாக்குற பிள்ளையை யார் கட்டுவா?" என்று நடு வீட்டில் கேட்டார். அதற்கு அப்பா வாய் திறக்கும் முன்னே அப்பத்தாதான், "ராத்திரியில ஒனக்கு நெஞ்சு வலிச்சா யாருடா பாப்பா?" என்று கேட்டுவிட்டது. அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. அப்பத்தா, இதற்கு எப்படி நன்றி சொல்வது!

குழு அக்காமார்களே, ஹாஸ்டல் கட்டணத்துக்கு அம்மா கேட்ட கடனுக்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டீர்கள். அந்தச் சுற்றில் கடன் வாங்க வேண்டிய முறை அம்மாவுடையது இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விட்டுக்கொடுத்தது யாரென்றும் தெரியும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் எனக்கு வரும், கல்லூரியிலேயே பதிவு செய்துவிடுவார்களாம். கைச்செலவுக்கு அம்மாவிடம் கேட்க வேண்டியிருக்காது, தவணை தவறாது.

டெய்லர் மாமா வெள்ளைக் கோட்டைத் தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கவில்லை. அதைவிட, நான் கேட்காமலே பையை ஒரு சாண் ஆழமாக வைத்து, வாயோரம் இரட்டைத் தையல் போட்டிருக்கிறார். கத்தரிக்கோல், பேனா, நோட்டு எல்லாம் போட்டால் சாதாரணப் பை கிழிந்துவிடுமாம். நேற்று வகுப்பில் பக்கத்துப் பிள்ளைகள் என் பையைத் தொட்டுப் பார்த்து, எங்கே தைத்தது என்று கேட்டார்கள். மாமாவுக்கு மதுரையில் கிளை திறக்கலாம்.

தாய்மாமா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்துக்கும் கதை உண்டு. "போன்லயே டைம் ஓடுதே, வாட்ச் எதுக்கு?" என்று கேட்டவரை, நொடி முள் உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்லி விரட்டியது நர்ஸ் அக்கா. ஏன் என்று நேற்று புரிந்தது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மூன்று விரலை வைத்து நாடி எண்ணச் சொன்னார்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் நம் நாடியையே எண்ணிவிடுவோம். நொடி முள்ளைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருந்தால் சரி. என் கையைப் பிடித்த பிள்ளை 112 என்றாள். மேடம் சிரித்துக்கொண்டே, "முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் ஓடும், தண்ணி குடிச்சிட்டு மறுபடி எண்ணு" என்றார். அடுத்து 96. அவள் திண்டுக்கல் பக்கம். இப்போது ஒரே அறையில் இருக்கிறோம்.

கை கழுவுவதற்கே ஒரு பாடம் உண்டு, அப்பத்தா. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசையாக, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து முடிக்க 40 முதல் 60 நொடி ஆக வேண்டும். வளையலைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள், அடியில் அழுக்கும் கிருமியும் தங்குமாம். கை மூளியாக இருக்கிறதே என்று வீடியோ காலில் திட்டாதே. லீவுக்கு வரும்போது போட்டுக்கொள்கிறேன். மல்லிகைப் பூவும் வகுப்பில் கிடையாது. மதுரையில் படித்தும் இந்த நிலைமை.

ஆரப்பாளையத்தில் இறங்கி, எந்த பஸ் என்று தெரியாமல் நான் டிரங்குப் பெட்டியோடு விழித்தபோது கூப்பிட்டு ஏற்றிக்கொண்ட நடத்துனர் இதைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவர், கோரிப்பாளையம் தாண்டியதும் "பெரியாஸ்பத்திரி! நர்சம்மா, எறங்குங்க!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். நர்சம்மா என்று என்னைக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான், அதுவும் கல்லூரிக்குள் கால் வைக்கும் முன்பே.

ஒரு வேலையும் சொல்ல வேண்டும். நம் தெருவில் இந்த வருஷம் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் யாருக்காவது நர்சிங் ஆசை இருந்தால், ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று இ-சேவை அண்ணனிடம் இப்போதே கேட்டுவையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எனக்குப் போன் போடச் சொல்லுங்கள், எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பிள்ளை,
பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு, மதுரை.