பாப்பாவுக்கு, மேற்படிப்பு விஷயமாக

பாப்பா,

"சென்னையே போதும்மா" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாய். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் ஜெர்மனியில், ஆஹன் யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்த அன்று பேசிய பாப்பா இல்லை அது.

அப்பா நன்றாக இருக்கிறார். கடைக்குப் போகிறார், மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்.

சென்னை ஐஐடியைக் குறைத்துச் சொல்லவில்லை. கேட் தேர்வு எழுதி நீயே வாங்கிய இடம், பெரியப்பா வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்திருக்கும். மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பவர் எலக்ட்ரானிக்ஸில் நீ நினைக்கிற வேலையைச் செய்கிற பேராசிரியர் அங்கே இருக்கிறார், அந்த லேப் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாகச் சேர். ராத்திரி ரயில் ஏறினால் விடிவதற்குள் ஈரோடு வந்துவிடலாம் என்பதற்காகச் சேராதே.

பணம்தான் யோசனை என்றால், முனிச் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியில்தான் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து நம் பிள்ளைகளுக்குக் கட்டணம், முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000, 6,000 யூரோ என்று போகிறது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ பக்கம் 1,500. ஆஹனில் உன் படிப்புக்கு அது இல்லை என்று நீதானே எனக்குக் காட்டினாய். விசாவுக்காக முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்டில் போட்டு வைக்கிற 11,904 யூரோவும் எங்கேயும் போய்விடாது, மாதம் 992 என்று உன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உன் கைக்கே வரும். அதற்கு ஏற்பாடு ஆகிவிட்டது. எப்படி என்று அத்தைக்குப் போன் போட்டுத் துருவாதே, கிணற்று மேட்டு நிலத்தை விற்கவில்லை, அப்படியேதான் இருக்கிறது.

ரேங்க் பட்டியலைப் பார்க்காதே, பாடத்திட்டத்தைப் பார். எந்தப் பாடம் கட்டாயம், எது விருப்பம், தீசிஸை கம்பெனியில் செய்ய விடுவார்களா, இதைப் பார். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வேலை தேடும்போது ஜெர்மன் கேட்பார்களாம், அதில் பி1 நிலைத் தேர்வை இங்கேயே முடித்துவிட்டுப் போ. ஜெர்மனிக்காக உன் படிப்பைச் சரிபார்த்துத் தருகிற ஏபிஎஸ் சான்றிதழுக்கு அவ்வளவு அலைந்து வாங்கிவிட்டு இப்போது பீரோவில் வைத்திருக்கிறாயே, எனக்கு ஆறவில்லை. சொன்னால் கோபம் வரும் உனக்கு, வரட்டும். பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்.

அப்பா சுகருக்கும் டாக்டரைப் பார்த்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அதை உன் கணக்கில் சேர்க்காதே. பக்கத்தில் நான் இருக்கிறேன், தம்பி இருக்கிறான்.

ஞாயிறு மத்தியானம் கடை மூடியதும் கூப்பிடு. இரண்டு இடத்துப் பாடப் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன் என்றிருக்கிறார். விசாவுக்குத் தேதி கிடைக்கவே நாளாகும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதே.

அம்மா