தேங்காய்க்குப் பதில் செயற்கைக்கோள்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் பொங்கலிலிருந்து இழுத்தடித்துவிட்டேன். நேரில் வரும்போது ஆசை தீரத் திட்டிக்கொள். இங்கு எல்லோரும் நலம். நேற்று தங்கச்சியிடம் பேசியபோதுதான், செயற்கைக்கோளைக் கொண்டு நீரோட்டம் பார்த்துச் சொல்வதாகக் கூறும் யாரோ ஒருவருக்கு நீ முன்பணம் கொடுக்கப் போவதை அறிந்தேன். தேங்காயை உள்ளங்கையில் வைத்து வயலைச் சுற்றிய நம் கோவிந்தனாவது பணம் கேட்கவில்லை, காப்பியோடு விட்டுவிட்டான்.

செயற்கைக்கோளை நான் பழிக்கிறேன் என்று நினைத்துவிடாதே. ஆயுள் முழுவதும் கிணறுகளில் நாடாவை இறக்கி நீர்மட்டம் அளந்தவன் நான். அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து 2002 மார்ச்சில் ஏவிய கிரேஸ் என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்களைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குப் பொறாமையே வந்தது. ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் சுற்றிய அவற்றுக்கு டாம், ஜெர்ரி என்று செல்லப் பெயர். கீழே நிறை மிகுந்த பகுதி வரும்போது முன்னால் செல்வது முதலில் ஈர்க்கப்படுவதால் இடைவெளி சற்றே கூடும். பின்னால் வருவதும் அங்கு வந்ததும் குறையும். இந்த மாற்றத்தை மைக்ரான் நுட்பத்தில் அளந்து, நிலத்தின் நிறை மாதத்துக்கு மாதம் எவ்வளவு மாறியது என்று கணக்கிட்டார்கள். அப்படி மாறுவது பெரும்பாலும் நீரின் நிறைதான் என்பதால், மண்ணின் ஈரத்தையும் பிற நீரையும் அதிலிருந்து கழித்தால் நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கம் கிடைக்கும்.

பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதிக்கு இப்படிக் கணக்கிட்டு 2009இல் வெளியான ஆய்வு, 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்துவிட்டதாகச் சொன்னது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சியை வைத்து வகுத்துப் பார், நாற்பது அணைக்கு மேல் வருகிறது! மழை பொய்த்த காலமும் அல்ல அது. பாசனத்துக்கு இறைத்ததே காரணம். எந்த அலுவலகத்தின் பதிவேடும் இல்லாமல் வானத்திலிருந்தே இதைச் சொல்ல முடிந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆனால், சண்முகம், அந்தக் கண்ணுக்கு ஒரு மாவட்டம்கூடத் தனியாகத் தெரியாது. சுமார் 300 கிலோமீட்டருக்குக் குறைந்த பரப்பைப் பிரித்தறிய இயலாத கருவி அது. 2018இல் ஏவப்பட்ட அதன் வாரிசுக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். உன் மூன்று ஏக்கரில் எங்கே துளையிடுவது என்று அது எப்படிச் சொல்லும்? 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட் என்னும் செயற்கைக்கோள், 250 மீட்டருக்கு 250 மீட்டர் அளவுள்ள ஏரியின் நீர்மட்டத்தைக்கூட அளக்கும் என்பதால் உங்கள் ஊர்ப் பெரிய ஏரி அதற்குத் தப்பாது. எனினும் அது பார்ப்பது மேற்பரப்பு நீரை மட்டுமே. உங்கள் பக்கத்துப் பாறைப் பூமியில் நீர் இருப்பதோ வெடிப்புகளில். செயற்கைக்கோள் படங்களில் வெடிப்புக் கோடுகளை ஓரளவு அடையாளம் காணலாம் என்பது உண்மைதான். அதன் பிறகும் வயலில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி, நிலம் அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் மின்தடை ஆய்வு செய்தே ஆக வேண்டும், அப்போதும் உறுதி கிடையாது.

என்னை உறுத்துவது உன் முன்பணம் மட்டுமல்ல. வானத்தில் கோள் இருக்கும்போது கிணற்றுக்கு ஆள் எதற்கு என்று படித்த பிள்ளைகளே என்னிடம் கேட்கிறார்கள். கோள் சொல்லும் மொத்தக் கணக்கு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும், எந்த ஊர்க் கிணறு வற்றுகிறது என்று அறியவும் நாடாவைத் தவிர வேறு வழி எது?

ஆகவே அந்த ஆளைக் காப்பி கொடுத்து அனுப்பிவிடு. மின்தடை ஆய்வுக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், அழைத்து வருகிறேன். அதுவரை மாதம் ஒருமுறை, மோட்டார் போடுவதற்கு முன் விடியற்காலையில், உன் பழைய கிணற்றின் நீர்மட்டத்தைக் கைப்பிடிச் சுவரிலிருந்து அளந்து தேதியுடன் எழுதி வை. தங்கச்சியிடம் சொல்லி எழுதினால் இன்னும் நல்லது, உன் கையெழுத்தை என்னால் படிக்க முடியாது.

அன்புடன்,
ராமநாதன்